கைவிடுகிற ஆப்பை ஒழுங்காக மூடிவிட்டு அடுத்ததற்குப் போவது எப்படி

மூன்று வருடம் ராத்திரியில் உட்கார்ந்து செய்த ஆப் ஒன்றை 2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி மூடினேன். சென்னை காசிமேட்டு மீன் ஏல விலையை விடியற்காலையில் போனில் காட்டும் ஆப் அது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, இறால், நண்டு என்று இருபத்திரண்டு வகைக்கு விலை இருக்கும். கூடவே, கூடை தூக்கி விற்கிற பெண்கள் வாடிக்கை வீடுகளில் நிற்கும் பாக்கியைக் குறித்துக்கொள்ள ஒரு பற்றுக் கணக்கும் உண்டு. என் சித்தி முப்பது வருடமாகக் காசிமேட்டில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்கிறவர். அவருக்காகத்தான் ஆரம்பித்தேன். எனக்குப் பகலில் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் பில் போடுகிற வேலை. ராத்திரி காலடிப்பேட்டை வீட்டில் கோடிங்.

இதற்கு முன்னால் இன்னொரு ஆப் செய்திருந்தேன். டியூஷன் பிள்ளைகளின் வருகைப் பதிவுக்கானது. அதை நான் மூடவில்லை. சலித்துப்போய் அப்படியே விட்டேன். ஏழு மாதம் என் கார்டிலிருந்து சர்வருக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது, நான் கவனிக்கவில்லை. கார்டு காலாவதி ஆனதும் பணம் கட்டுவது நின்றது, சர்வரும் நின்றது, உள்ளே இருந்தது எல்லாம் அழிந்தது. அப்போதுதான் ஒரு டியூஷன் மிஸ் போன் செய்தார். அத்தனை மாதமும் அவர் ஒருவர் மட்டும் தினமும் அதில் வருகை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு வருடப் பதிவு போய்விட்டது. அவர் திட்டவில்லை. "பரவாயில்லமா, நோட்டுல எழுதிக்கிறேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கையில் ஒரு ஆப் பாதியில் நிற்கிறவர்களுக்கு நான் இதை எழுதுவது அதனால்தான்.

முதலில் தெரிய வேண்டியது, நமக்கு வந்திருப்பது அலுப்பா, அல்லது அந்த ஆப்புக்கே வேலை முடிந்துவிட்டதா என்பது. இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும். லேப்டாப்பைத் திறக்கவே கை வராது. யோசித்து யோசித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் ஆப்பை நிறுத்திப் பாருங்கள். அந்த வாரத்துக்குள் உங்கள் ஆட்களுக்கு மிகவும் தேவைப்படுகிற நாள் ஒன்று கட்டாயம் வரவேண்டும். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, படகுகள் போய்த் திரும்பி, மார்க்கெட் மறுபடி நிறைந்திருந்த சமயம். ஜூன் 24, செவ்வாய்க்கிழமையிலிருந்து விலை ஏற்றுவதை நிறுத்தினேன். ஞாயிறு வந்தது, போனது. நாற்பத்துமூன்று பேர் போனில் ஆப் இருக்கிறது. கூப்பிட்டவர் ஒரே ஒருவர், வண்ணாரப்பேட்டையில் மெஸ் வைத்திருக்கிற அண்ணன்.

மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று? சித்தியோடு அதிகாலையில் ஏலத்துக்குப் போய் நின்று பார்த்தேன். இரண்டு கையும் ஈரம், செதில், ஐஸ் தண்ணீர். கூடையைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, கேட்கிற விலையைக் காதில் வாங்கி, அடுத்த நொடியே கை காட்டுகிறார்கள். "செல்ல பாத்துகினு நின்னா மீன வேற ஒருத்தி எடுத்துகினு பூடுவா கண்ணு" என்றார் சித்தி. ஏலத்தில் நிற்கிறவருக்கு விலை அங்கேயே தெரிகிறது. வராதவருக்கு, வந்தவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுகிறார். "சங்கரா இன்னிக்கு கொள்ள வெல, வராத, நெத்திலி எடு." பத்து நொடி. என் ஆப் மூன்று வருடமாகப் போட்டி போட்டது அந்தப் பத்து நொடியோடு. அது என்னுடையதைவிட நல்லது என்று அன்றைக்குத்தான் மனதார ஒத்துக்கொண்டேன்.

உங்கள் சோதனையில் பத்துப் பேர் கூப்பிட்டால் ஆப்பை மூடாதீர்கள். ஒரு மாதம் ஓய்வெடுங்கள், அல்லது வேறு ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரோ இருவரோ கூப்பிட்டால், அந்த இருவருக்கும் வேறு வழி செய்து கொடுத்துவிட்டு மூடலாம்.

மூடுவது என்று முடிவானதும் காலண்டரில் தேதி குறியுங்கள். "போகப் போகப் பார்க்கலாம்" என்று விட்டதுதான் டியூஷன் ஆப்பில் நான் செய்த தவறு. ஆகஸ்ட் 31-ஐ நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. ப்ளே ஸ்டோர் ஒவ்வொரு வருடமும் ஆப்கள் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்க வேண்டும் என்று உயர்த்திக்கொண்டே போகும். 2025 ஆகஸ்ட் 31-லிருந்து புது ஆப்போ அப்டேட்டோ போட வேண்டுமானால் ஆண்ட்ராய்டு 15-க்கு மாற்றியிருக்க வேண்டும். சாகப்போகிற ஆப்புக்காக அந்த வேலையை இன்னொரு முறை இழுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை. இந்த மாதிரி ஒரு கெடு உங்களுக்கும் இருக்கும். டொமைன் புதுப்பிக்கிற நாள், சர்வருக்கு வருடச் சந்தா கட்டுகிற நாள் என்று ஏதாவது. அதைத் தாண்டாத ஒரு நாளைப் பிடியுங்கள்.

ஆட்களிடம் சொல்வது

கடைசியாக ஒரு அப்டேட் போட வேண்டும். அதில் மூன்றே மாற்றம் போதும்: புதிதாக யாரும் கணக்குத் தொடங்க முடியாதபடி செய்வது, திறந்ததும் மூடுகிற தேதியைப் பெரிய எழுத்தில் காட்டுவது, அவரவர் கணக்கை வெளியே எடுத்துக்கொள்ள ஒரு பட்டன். குறைந்தது ஒரு மாதம் முன்னால் போடுங்கள். அப்டேட் செய்யாத போன்கள் பாதி இருக்கும், அதனால் நோட்டிஃபிகேஷனும் அனுப்புங்கள்.

ஆனால் நேரில் போய்ச் சொல்லக்கூடியவர்களிடம் நேரில் சொல்லுங்கள். ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பற்றுக் கணக்குப் பகுதியை உண்மையாகவே பயன்படுத்திக்கொண்டிருந்த நாலு பேரும் கருவாட்டுக் குழம்போடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே சொன்னேன். "அக்கா, ஆகஸ்ட் மாசத்தோட இத நிறுத்துறேன். உங்க பாக்கிக் கணக்கு எல்லாம் நானே எழுதிக் குடுத்துடறேன்." ஒருவர் மட்டும், "இன்னாமா, நல்லாத்தானே இருந்துச்சி" என்றார். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். விலைப் பகுதியை யாரும் பார்ப்பதில்லை, பாக்கிக் கணக்குக்கு மட்டும் சர்வர் ஓட்ட என் சம்பளத்தில் முடியவில்லை. அவ்வளவுதான். நிறைய மன்னிப்புக் கேட்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது எந்தத் தேதி வரைக்கும் ஓடும், தன் கணக்கு என்ன ஆகும் என்கிற இரண்டு பதில்கள்.

கணக்கை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு சிஎஸ்வி ஃபைல் (எக்செலில் திறக்கிற அட்டவணை) கொடுத்தால் முடிந்தது. சித்திக்கு சிஎஸ்வி கொடுத்து என்ன பயன்? காகிதம்தான் வேண்டும். என்னிடம் 58 மில்லிமீட்டர் ரோல் போடுகிற ப்ளூடூத் பில் பிரின்டர் இருந்தது. முதலில் தமிழே ஒழுங்காக வரவில்லை. "கொடுங்கையூர் வீடு" என்பதில் க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. அந்த பிரின்டர் எழுத்தை ஒவ்வொன்றாக, வந்த வரிசையிலேயே அடிக்கும். தமிழில் எழுத்து சேரும்போது இடம் மாறும் என்பது அதற்குத் தெரியாது. அதனால் எழுத்தாக அனுப்புவதை விட்டுவிட்டு, ஆண்ட்ராய்டையே ஒரு படமாக வரையச் சொல்லி, 384 புள்ளி அகலத்துக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அந்த பிரின்டரின் ஒரு வரிக்கு 384 புள்ளிதான். கொம்பு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

சித்தி சீட்டை வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதி மங்கிப்போயிருந்தது. இந்த ரோல் பேப்பரில் மை கிடையாது, சூடுபட்டுக் கறுக்கிற பூச்சுதான் இருக்கிறது. வெயிலிலும் ஈரத்திலும் வைத்திருந்தால் எழுத்து போய்விடும். மூடுகிற தேதி வராததால் தப்பித்தேன். எல்லாருக்கும் மறுபடி அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, நாற்பது பக்க நோட்டில் ஒட்டிக் கொடுத்தேன். நீங்கள் எந்த வடிவத்தில் கொடுத்தாலும், கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து, "எடுங்க, பாப்போம்" என்று கேளுங்கள். அதற்குப் பிறகுதான் சர்வரில் அழிக்க வேண்டும்.

அழிக்கத்தான் வேண்டும். "இருக்கட்டும், பின்னாடி உதவும்" என்று மற்றவர்களின் போன் நம்பரையும் கடன் பாக்கியையும் வைத்திருக்காதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்தாயிற்று. எதற்காக வாங்கினோமோ அது முடிந்தால் தகவலையும் அழித்துவிட வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம், அந்தப் பட்டியலில் எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்று இருக்கிறது. அது தெருவில் மானப் பிரச்சினை.

பணம் கசியும் ஓட்டைகள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். கூகுளின் சர்வர் சேவையான ஃபயர்பேஸில், பணம் கட்டுகிற ப்ளேஸ் திட்டத்தில் இருந்தால் பட்ஜெட் அலர்ட் வைத்திருப்பீர்கள். அது மெயில்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. ஓடிபி எஸ்எம்எஸ் ஒவ்வொன்றுக்கும் காசு போகும். முதலில் தரவை இறக்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு ப்ராஜெக்ட்டை நீக்குங்கள். 30 நாள் வரை மனம் மாறினால் மீட்கலாம், அதற்குப் பிறகு போனது போனதுதான். டொமைனில் ஆட்டோ ரின்யூவலை நிறுத்துங்கள். போனில் யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். நாம் மறந்த சந்தா அங்கேதான் ஒளிந்திருக்கும். மேப்ஸ் மாதிரி சேவைகளை நம் கணக்கில் பயன்படுத்த வாங்கிய ஏபிஐ சாவிகளை (ரகசியக் குறியீடுகளை) ரத்து செய்யுங்கள். கோடிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டால் போதாது. கோடைச் சேமிக்கிற கிட், அதன் பழைய பதிப்பு எல்லாவற்றையும் வைத்திருக்கிறது, தேடுகிறவர் எடுத்துவிடுவார். சாவியையே செல்லாததாக்க வேண்டும்.

ப்ளே ஸ்டோரில் ஆப்பை "அன்பப்ளிஷ்" செய்தால் புதியவர்களுக்குத் தெரியாது, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் போனில் அப்படியே இருக்கும். அதனால்தான் அந்தக் கடைசி அப்டேட் முதலில் போக வேண்டும் என்கிறேன். வரிசை மாறினால், சர்வர் இல்லாத ஆப்பைத் திறந்துவிட்டுச் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

கோபத்தில் டெவலப்பர் கணக்கையே மூடிவிடாதீர்கள். 25 டாலர் ஒரு முறை கட்டியது, வருடா வருடம் கட்ட வேண்டியதில்லை. அதோடு, 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகள் புது ஆப்பை எல்லாருக்கும் திறப்பதற்கு முன்னால் 12 பேரைச் சேர்த்து, தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள். என் கணக்கு 2022-ல் எடுத்தது, அந்த நிபந்தனை இல்லை. தூக்கிப் போட்டிருந்தால் அடுத்த ஆப்புக்குத் தெருவில் 12 ஆண்ட்ராய்டு போன் தேடி அலைந்திருப்பேன். ஆப் நம்முடையதுதான் என்று கையொப்பமிடுகிற கீஸ்டோர் ஃபைலையும் கடவுச்சொல்லையும் ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வையுங்கள்.

ஒரு ஆசை வரும். பழைய ஆப்பின் இடத்திலேயே புது ஆப்பை அப்டேட்டாகத் தள்ளிவிட்டால் என்ன, நாற்பத்துமூன்று பேர் தயாராக இருக்கிறார்களே என்று. எனக்கும் வந்தது. செய்யாதீர்கள். மீன் விலைக்காக வாங்கி வைத்தவர் போனில் அவர் கேட்காத வேறொன்று முளைக்கக் கூடாது. புது ஆப்புக்குப் புதுப் பெயர், புது பேக்கேஜ் (ப்ளே ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணும் பெயர்), முதல் ஆளிலிருந்து எண்ண வேண்டும்.

ஆப்பின் புரோகிராம் கோடை என்ன செய்வது? கோட் வைக்கிற தளமான கிட்ஹப்பில் ஆர்கைவ் செய்யுங்கள். படிக்க மட்டும் முடியும், மாற்ற முடியாது, வேண்டுமானால் பிறகு திறந்துகொள்ளலாம். அதற்கு முன் ரீட்மீ ஃபைலில் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்: எதற்கு ஆரம்பித்தது, யார் பயன்படுத்தினார்கள், ஏன் நின்றது. நான் எழுதியதில் பாதி, சித்தியோடு ஏலத்தில் நின்ற அந்தக் காலை நேரம். வேறு யாராவது எடுத்து நடத்தலாம் என்று நினைத்தால் லைசன்ஸ் போடுங்கள். லைசன்ஸ் இல்லாத கோட் கண்ணால் பார்க்கலாம், கையால் எடுக்கக் கூடாது. இன்னொன்று, அந்த இருபத்திரண்டு மீன் படங்களும் பக்கத்து வீட்டுத் தம்பி வரைந்தவை. அவனைக் கேட்டேன். "கோட குடுக்கா, படத்த குடுக்காத" என்றான். படங்களை எடுத்துவிட்டுத்தான் திறந்தேன்.

அடுத்தது

மூடின அன்றைக்கே அடுத்ததை ஆரம்பிக்காதீர்கள். நான் ஒரு மாதம் லேப்டாப்பைத் திறக்கவில்லை. சாயங்காலம் புது வண்ணாரப்பேட்டையில் தோழி வீட்டுப் பக்கத்து கேரம் கிளப்பில் போய் உட்கார்ந்தேன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் ஜெயித்த காசிமா அந்தப் பேட்டைப் பெண்தான். அதற்குப் பிறகு அந்த கிளப்பில் பெண் பிள்ளைகள் கூட்டம் எனக்குத் தெரிந்தே கூடியிருக்கிறது. வாரா வாரம் டோர்னமென்ட், வாரா வாரம் சீட்டுக் குலுக்கலில் சண்டை. ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேர் வெளியேற வேண்டும் என்பதால், இருபத்துமூன்று பேர் வந்தால் முப்பத்திரண்டு இடத்துக்குக் கட்டம் போட வேண்டும், ஒன்பது பேருக்கு முதல் சுற்று ஆட்டமில்லாமலே தாண்டும். அந்த ஒன்பது யார் என்பதில்தான் அப்பாக்கள் மோதிக்கொள்வார்கள்.

எனக்குக் கை பரபரத்தது. ஆனால் இந்த முறை நாலு ஞாயிறு நோட்டும் பேனாவுமாக ஸ்கோர் எழுதினேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே அதற்குப் பலன் கிடைத்தது. ரெட் (சிவப்புக் காய்) போட்டு, அடுத்து ஃபாலோவாகத் தன் காய் ஒன்றும் போட்டு, போர்டு (ஒரு சுற்று) ஜெயித்த பெண்ணுக்கு மூன்று பாயிண்ட் சேர்த்து எழுதினேன். அம்பயர் அண்ணன் அடித்துவிட்டார். "இருபத்திரண்டு பாயிண்டு ஆயிட்டவங்களுக்கு ரெட்டு கணக்கு கெடையாதும்மா." ஒரு ஆட்டம் இருபத்தைந்து பாயிண்டில் அல்லது எட்டு போர்டில் முடியும் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இதைத் தவறாகவே எழுதி, டோர்னமென்ட் அன்றைக்கு ஒரு குழந்தையை அழவிட்டிருப்பேன். மீன் ஆப்பில் ஏலத்துக்கு மூன்று வருடம் கழித்துப் போனேன். இங்கே முதலிலேயே போய் உட்கார்ந்தேன். உங்கள் அடுத்த ஆப்புக்கும் இதைத்தான் முதல் வேலையாகச் சொல்வேன்: அந்த வேலை நடக்கிற இடத்தில், அது நடக்கிற நேரத்தில், பேப்பரோடு உட்காருங்கள்.

பழைய ஆப்பிலிருந்து மொத்தக் கோடையும் நகல் எடுத்து ஆரம்பிக்காதீர்கள். லாகின், பற்றுக் கணக்கு, நோட்டிஃபிகேஷன் எல்லாம் கூடவே ஏறிக்கொண்டு வரும், ஒன்றுக்கும் தேவை இருக்காது. நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஃபைல். தமிழைப் படமாக்கி 384 புள்ளி அகலத்தில் பிரின்டருக்கு அனுப்புகிற ஃபைல். இப்போது ஆட்டம் முடிந்ததும் பெயரும் ஸ்கோரும் போட்ட சீட்டு அதே பிரின்டரில் வருகிறது. பிள்ளைகள் அதைப் பென்சில் பாக்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். மங்கிப்போகும் என்று சொல்லியிருக்கிறேன், அம்மாக்கள் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

புது நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். இந்த ஆப் குலுக்கும், ஸ்கோர் சீட்டு அடிக்கும், வேறு எதுவும் செய்யாது. சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு சொல்லாமல் நிறுத்திப் பார்க்க வேண்டும். சர்வர் கிடையாது, ஒரே போனுக்குள் ஓடுகிறது, மாதச் செலவு ரோல் பேப்பர் மட்டும். ஆட்டத்தை நேரலையில் காட்ட முடியுமா என்று கிளப்பில் கேட்டார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மெஸ் அண்ணனுக்கு வழி செய்தாயிற்று. சித்தி ஏலத்தில் நின்றபடியே ஞாயிறு விடியற்காலை எனக்கு ஒரு வாய்ஸ் போடுகிறார். எழுந்ததும் அதை அண்ணனுக்குத் தட்டிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கிளப்புக்குக் கிளம்புகிறேன்.